எல்லையோரத்தில் வேலை ஆலோசகராகப் பயில்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம். கேரளத்தின் பாலக்காடும் தமிழ்நாட்டின் கோவையும் சேரும் இந்த எல்லைப் பகுதியில் வேலை தேடும் ஒருவருக்கு இரண்டு மாநிலங்களும் பஸ் தூரம்தான். காலையில் கேரளப் பக்கத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டுக்கும் போகலாம், கோவை குறிச்சிக்கும் போகலாம். அரசு வேலை என்று வந்தால் இரண்டு தேர்வாணையங்கள், இரண்டு சாதிப்பட்டியல்கள், இரண்டு விதமான மொழி நிபந்தனைகள். இங்கே கேரியர் கவுன்சலராகப் பயிற்சி எடுப்பவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. எதிரே இருப்பவரைக் கேட்டு முடிப்பதற்குள் வழி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

முதலில், எந்தப் படிப்பில் சேர்வது என்பதிலேயே தவறு நடக்கிறது. இந்தத் தொழிலுக்கென்று நம் நாட்டில் கட்டாய உரிமம் இல்லாததால், இரண்டு நாள் ஆன்லைன் வகுப்புக்கும் அழகான சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உண்மையான ஆட்களோடு எத்தனை மணி நேரம் பேச வைப்பீர்கள், அதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் அங்கே சேர வேண்டாம். என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமோ மதிப்புள்ள படிப்பு. ஆனால் அது பெரிதும் பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்து அமைந்தது. பத்தாம் வகுப்பு மாணவனுக்கு யோசிக்க இரண்டு வருடம் இருக்கிறது. வேலை போன முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அடுத்த மாத வாடகை நிற்கிறது. பள்ளி வழிகாட்டலைப் படித்துவிட்டு வருபவர்கள் இந்த வேறுபாட்டைத் தனியாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

கைரேகையை ஸ்கேன் செய்து "உங்களுக்கு ஏற்ற தொழில் இது" என்று சொல்லும் டி.எம்.ஐ.டி. சோதனையை ஃபிரான்சைஸாக விற்பவர்கள் புதிதாக வருபவர்களைத்தான் தேடி வருவார்கள். விரல் வரிக்கும் தொழில் திறமைக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துக் கவலையோடு வரும் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு இதைச் செய்வது அநியாயம். இதில் இரண்டாவது பேச்சே வேண்டாம்.

"எந்த வேலையா இருந்தாலும் சரிங்க"

முதல் சந்திப்பில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். இதைக் கேட்டதும் பயிற்சியில் இருப்பவர் போனை எடுத்து, கையில் இருக்கும் காலியிடங்களைப் படிக்க ஆரம்பிக்கிறார். "எந்த வேலையானாலும்" என்பதற்குப் பின்னால் பல விஷயங்கள் இருக்கும். கடன் நெருக்கலாம், பழைய இடத்தில் பட்ட அவமானம் இருக்கலாம், தன்னிடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்ற நினைப்பாகவும் இருக்கலாம். பட்டியல் படித்தால் இதில் எதுவும் வெளியே வராது.

கோவையில் ஒரு ஒர்க்ஷாப்பில் மூன்று வருடம் இருந்துவிட்டு நின்ற ஒரு பையன் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன வேலை பார்த்தீர்கள் என்றால், "சி.என்.சி. ஆபரேட்டர்தானுங்க" என்பார், அதாவது கணினி கட்டுப்பாட்டில் ஓடும் மெஷினை இயக்குபவர். அதோடு விட்டுவிட்டால் ரெஸ்யூமேயில் ஆபரேட்டர் என்று ஒரு சொல் ஏறும், அவ்வளவுதான். அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"காலைல ஷிஃப்ட்டுக்குப் போனதும் முதல்ல என்ன தம்பி செய்வீங்க?"

"ட்ராயிங்கப் பாத்து டூல் மாட்டி ஆஃப்செட் குடுப்பேனுங்க. முதல் பீஸ் ஓட்டி மைக்ரோமீட்டர்ல பாப்பேன். சைஸ் தள்ளுனா மறுபடியும் திருத்துவேன்."

"அத உங்களுக்கு யாராவது செட் பண்ணிக் குடுப்பாங்களா?"

"மொத வருசம் குடுத்தாங்க. அப்புறம் நானேதானுங்க."

இவர் செய்தது செட்டர் வேலை, அதாவது மெஷினைத் தயார்செய்து அளவு திருத்தும் வேலை. பட்டன் அழுத்தும் ஆபரேட்டருக்கும் செட்டருக்கும் சம்பளத்தில் நல்ல வித்தியாசம் உண்டு, தேடும் கம்பெனியும் வேறாகும். இரண்டே கேள்வியில் ஆளின் மதிப்பு மாறிவிட்டது. வேலையின் பெயரைக் கேட்காமல், காலையிலிருந்து சாயங்காலம் வரை கை என்ன செய்தது என்று கேட்கப் பழகுங்கள். வீட்டில் இருந்த பெண்களிடமும் இதையே கேட்க வேண்டும். கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் சுயஉதவிக் குழுவில் மூன்று வருடம் கணக்கு எழுதியவர் "நான் சும்மாதான் இருந்தேன்" என்றுதான் தொடங்குவார்.

இது கைவர ஒரு பயிற்சி உண்டு. மூன்று பேர் சேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் வேலை தேடி வந்தவர், ஒருவர் பார்வையாளர். 20 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் பார்வையாளர் கருத்து, பிறகு இடம் மாறுங்கள். சம்மதம் வாங்கி போனில் பதிவு செய்து, அதில் நடுவிலிருந்து 10 நிமிடத்தை வார்த்தைக்கு வார்த்தை எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறியிடுங்கள்: திறந்த கேள்வியா, ஆமாம்-இல்லை கேள்வியா, அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னீர்களா, அறிவுரையா? பாதிக்கு மேல் நீங்களே பேசியிருந்தால், முதல் 10 நிமிடத்துக்குள் "நீங்க என்ன பண்ணணும்னா" என்று வந்திருந்தால், மறுபடியும் செய்யுங்கள். எழுதிப் பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதைப்போல வேகமாகத் திருத்தும் வழி வேறில்லை.

சோதனைத் தாளைத் தீர்ப்பாக நினைப்பது

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலந்தின் ஆறு வகை ஆர்வங்கள், அதாவது ரியாசெக், எல்லாப் பயிற்சியிலும் வரும். கைத்தொழில், ஆராய்ச்சி, கலை, சேவை, வியாபார முனைப்பு, ஒழுங்கான அலுவலக வேலை என்று தோராயமாகச் சொல்லலாம். அது அளப்பது ஆர்வத்தை மட்டும்தான், திறமையை அல்ல. அந்த ஆர்வமும் பழக்கத்தைப் பொறுத்தது. மெஷினைத் தொடவே விடாமல் வளர்ந்த பெண் "இயந்திரம் பழுது பார்க்கப் பிடிக்குமா?" என்பதற்கு இல்லை என்றுதான் டிக் செய்வார். அந்த மதிப்பெண்ணை வைத்து ஐ.டி.ஐ. வேண்டாம் என்று சொல்வது தவறு. இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஒன்றை முதல், மற்றதை இரண்டாவது என்று வரிசைப்படுத்துவதும் தவறு. ஆறும் ஒரேயடியாகக் குறைவாக வந்தால், ஆர்வமில்லாத ஆள் என்று எழுதிவிடாதீர்கள். கேள்வி புரியாமல் இருக்கலாம், மனம் சோர்ந்தும் இருக்கலாம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் மலையாளம் மீடியத்தில் படித்துவிட்டு வீட்டில் தமிழ் பேசுபவர்கள் நிறைய. கேள்வித்தாளை எந்த மொழியில் தருவது என்று முன்னாலேயே கேளுங்கள்.

எல்லை தாண்டினால் மாறும் காகிதம்

வழி சொல்பவர் இங்கே தவறினால் வேலை தேடுபவருக்கு ஒரு வருடம் போய்விடும். ஒரே சாதிக்கு வாளையாருக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டியல், அந்தப் பக்கம் வேறு பட்டியல். எஸ்.சி., எஸ்.டி. தகுதி ஒருவர் இடம் பெயரும்போது கூடவே வராது என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியல்கூட மாநில வாரியாகத்தான் இருக்கிறது. கேரளச் சான்றிதழோடு தமிழ்நாட்டுப் பணிக்கு விண்ணப்பிப்பவர் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். இதை முதல் நாளே சொல்லாமல், எல்லாம் முடிந்து சான்றிதழ் சரிபார்ப்பில் தெரிய வைப்பது பெரிய கொடுமை.

தமிழ் வழியில் படித்தோருக்குத் தமிழ்நாட்டில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சொல்வதில்லை. நான்காவது வரை தமிழிலும் பிறகு வேறு மீடியத்திலும் படித்தவருக்கு அது கிடைக்காது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் கட்டாயத் தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதிப் பழகாதவருக்கு இது மலைதான்.

கேரளப் பக்கம் பி.எஸ்.சி. தேர்வுகள் பலவற்றுக்குத் தமிழில் வினாத்தாள் தருகிறார்கள். அது எல்லாப் பதவிக்கும் இல்லை, அறிவிப்பைப் படித்துத்தான் சொல்ல வேண்டும். ஒருமுறைப் பதிவு செய்து விண்ணப்பித்ததோடு வேலை முடியவில்லை. தேர்வு எழுதுகிறேன் என்று குறித்த நாளுக்குள் கன்ஃபர்மேஷன் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்ணப்பமே தள்ளுபடி. தமிழ்நாட்டு முறைக்குப் பழகியவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இரண்டு மாநிலங்களிலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் மாதத்தை அவருடைய போனிலேயே நினைவூட்டலாகப் போட்டுவிட்டு அனுப்புங்கள்.

சம்பளத்தை மொத்தமாகச் சொல்வது

"பதினைந்தாயிரம் தர்றாங்க, போங்க" என்பது ஆலோசனை ஆகாது. முழுதும் பி.எஃப். கணக்கில் வரும் 15,000 ரூபாயில் 12 சதவீதம், 1,800 போகும். மொத்தச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 113 ரூபாய். கைக்கு வருவது 13,087. நாளுக்கு 80 ரூபாய் பஸ்ஸுக்கு என்றால் 26 நாளில் 2,080. மிஞ்சுவது 11,007. பிடித்தம் வீண்போகும் பணமில்லை என்பதையும், இ.எஸ்.ஐ. இருந்தால் குடும்பத்துக்கு மருத்துவம் உண்டு என்பதையும் கூடவே விளக்க வேண்டும். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்தபின் ஊருக்குப் பஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பினால், ஆள் ஒரே வாரத்தில் நின்றுவிடுவார். இதெல்லாம் தெரிய வேண்டுமானால் கஞ்சிக்கோடு, குறிச்சி, பொள்ளாச்சித் தென்னைநார் ஆலைகள் என்று நேரில் போய், ஹெச்.ஆரிடமும் கேட்டு, வாசல் டீக்கடையில் தொழிலாளிகளிடமும் கேட்டு, குறிப்பு வைத்திருக்க வேண்டும்.

கம்பெனியிடம் ஆள் பிடித்த கமிஷனையும், வேலை தேடுபவரிடம் ஆலோசனைக் கட்டணத்தையும் சேர்த்து வாங்காதீர்கள். யாருக்காகப் பேசுகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

வளைகுடா வேலை என்றால், ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் வாங்கலாம், அதற்கு மேல் சட்டப்படி கூடாது. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை ஏற்காதீர்கள். கம்போடியா, மியான்மர் பக்கம் "டேட்டா என்ட்ரி" வேலை என்று அழைத்துப்போய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கதை ஊரறிந்தது. விசாரிக்க இந்தப் பக்கம் கேரள அரசின் வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான நோர்க்கா, அந்தப் பக்கம் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கின்றன.

ஆதார், மார்க்ஷீட் படங்களை வாட்ஸாப் குழுவில் போட்டு "வேலை இருந்தா சொல்லுங்க" என்று கேட்பதை இன்றே நிறுத்த வேண்டும். அவரைக் கேட்காமல் ஒரு தாளும் வெளியே போகக்கூடாது.

பேசும்போது ஒருவர் "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், அதைப் பேச்சுவாக்காகக் கடந்துபோய் ரெஸ்யூமேவுக்குத் திரும்பாதீர்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அரசின் டெலி-மானஸ் எண் 14416, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பாமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அழைக்க வையுங்கள்.

வேலையில் சேர்ந்ததோடு கோப்பை மூடிவிடுவது பலர் செய்யும் கடைசித் தவறு. முதல் வாரம், முதல் மாதம், மூன்றாம் மாதம் என்று மூன்று முறை கூப்பிடுங்கள். "வேலை எப்படி இருக்கு" என்றால் "பரவால்லீங்க" என்றுதான் வரும். சாப்பாடு எங்கே, தூங்க எத்தனை மணி ஆகிறது, முதல் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, சொன்ன தொகை வந்ததா என்று கேளுங்கள். பதிலை அந்தக் கம்பெனியின் குறிப்பிலும் எழுதி வையுங்கள். அடுத்து அங்கே அனுப்பப்போகும் ஆளுக்கு அதுதான் தேவைப்படும்.