பிராக் நகரில் மன்னர்கள் போன வழி: முதல்முறை நடப்பவர்களுக்கு

செக் நாட்டுத் தலைநகர் பிராக்கில் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறதா? பொஹீமிய (இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி) மன்னர்கள் முடிசூட ஊர்வலமாகக் கோட்டைக்குப் போன 'அரச வழி'யில் நடந்துவிடுங்கள். கடைசியாக அப்படிப் போனவர் 1836-இல் ஐந்தாம் பெர்டினாண்ட். தூரம் சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். ஆனால் பெரும்பாலும் கல் பாவிய தெரு, மெல்லிய செருப்பு போட்டால் பாதியிலேயே பாதம் கெஞ்சும். காலை 7 மணிக்குக் கிளம்புவது உத்தமம்.

1. மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் 'நாமேஸ்தி ரெபுப்ளிகி' நிறுத்தத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே கறுத்துப்போன ஒரு கோபுரம் நிற்கும். 1475-இல் கட்டத் தொடங்கியது. பிற்காலத்தில் வெடிமருந்து வைத்திருந்ததால் பெயரே வெடிமருந்துக் கோபுரம். அதன் வளைவுக்குள் நுழைந்தால் செலெட்னா தெரு. நேராகப் போங்கள்.

2. தெரு முடியும் இடம் பழைய நகரச் சதுக்கம். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் முதலில் தரையைப் பாருங்கள். பழைய நகர மன்றத்தின் ஓரமாக 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். ஹாப்ஸ்பர்க் என்ற ஆஸ்திரிய அரச குடும்பத்தின் ஆட்சியை எதிர்த்த 27 பேருக்கு 1621 ஜூன் 21 அன்று இங்கேதான் மரண தண்டனை நிறைவேற்றினார்கள்.

அப்புறம் அதே கட்டடத்தின் தெற்குச் சுவரில் உள்ள வானியல் கடிகாரம். 1410-இல் செய்தது. காலை 9 மணியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு மணியடிக்க, அப்போஸ்தலர் (இயேசுவின் சீடர்) பொம்மைகள் ஜன்னலில் வந்து போகும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பேன், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். முகப்புத்தான் அதிசயம். ரோமன் எண்கள் வழக்கமான நேரம். வெளி வளையத்தின் பழைய எழுத்து எண்கள், சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணும் பழைய செக் நேரம். அந்தி பருவத்துக்குப் பருவம் மாறுமே? அதனால் அந்த வளையமும் நகரும்.

3. கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றால் இடப்பக்கம் போக வேண்டும். சின்னச் சதுக்கத்தைத் தாண்டி கார்லோவா தெரு. இது நெளிந்து நெளிந்து போகும், வழி தப்பினாலும் பதறாதீர்கள். இங்கே பணம் மாற்ற மட்டும் வேண்டாம். யூரோ அல்ல, கொருனாதான் இந்த ஊர்ப் பணம். சுற்றுலாத் தெருவில் அவசரத்துக்கு மாற்றி நான் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசை இழந்திருக்கிறேன்.

4. சார்லஸ் பாலம். 1357-இல் அடிக்கல் நாட்டியது, நீளம் 516 மீட்டர், இருபுறமும் 30 சிலைகள். கோட்டையை நோக்கி நடக்கையில் வலப்பக்கம் எட்டாவது சிலை நெபொமுக் யோவான் என்ற பாதிரியார். 1393-இல் மன்னர் ஆணைப்படி வல்தாவா ஆற்றில் எறியப்பட்டவர். சிலையின் பீடத்தில் உள்ள பித்தளை நிறப் பகுதி, தொட்டுத் தொட்டே பளபளப்பானது. வெயில் ஏறிவிட்டால் இங்கே தேர்த்திருவிழாக் கூட்டம், அதனால்தான் 7 மணி என்றேன்.

5. பாலம் இறங்கி நேரே போய், பச்சைக் குவிமாடம் கொண்ட புனித நிக்கோலஸ் ஆலயத்தைக் கடந்தால் நெருடோவா தெரு. மூச்சு வாங்கும் ஏற்றம். நின்று நின்று ஏறுங்கள், நிற்பதற்குச் சாக்கும் உண்டு: வாசல்களுக்கு மேலே உள்ள சின்னங்களைப் பாருங்கள். 1770-இல் வீட்டு எண் வரும்வரை இந்தச் சின்னங்கள்தான் முகவரி. 12-ஆம் எண் வீட்டில் மூன்று வயலின்கள். வயலின் செய்பவர்கள் வாழ்ந்த வீடு. 47-இல் இரண்டு சூரியன்கள்; தெருவுக்குப் பெயர் தந்த எழுத்தாளர் யான் நெருடா இருந்த வீடு. இப்போது வாசலில் இரண்டு எண்கள் இருக்கும். தெரு வரிசைக்கு நீல எண்ணைப் பாருங்கள், சிவப்பு எண் குழப்பிவிடும்.

6. வலப்பக்கம் பின்னோக்கித் திரும்பும் சரிவில் ஏறினால் கோட்டை வாசல். உள்ளே புனித விட்டஸ் பேராலயம்: 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடித்தார்கள்.

முழங்கால் ஒத்துழைக்காதா? 22-ஆம் எண் டிராமில் 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தம்வரை போய், இதே வழியில் தலைகீழாக இறங்குங்கள். மன்னர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.