முதன்முறை முழுப் பல்செட் அணிபவர்கள் பழகும் முறை: படிப்படியான விளக்கம்

முழுப் பல்செட்டை மாட்டிக்கொண்டு வீடு திரும்புபவர்களில் பலர், ஒரு வாரத்திற்குள் முறுக்கு கடிக்கலாம் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். அது நடக்காதபோது செட்டைச் சரியாகச் செய்யவில்லை என்று முடிவு கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வாய் பழகுவதற்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

மேல் செட்டும் கீழ் செட்டும் ஒரே விதமாக நிற்பதில்லை. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடுவதால், இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலமும் காற்றுப் புகாத விளிம்பும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன. கீழ் செட்டோ நாக்குக்கு இடம் விட்டுக் குதிரை லாட வடிவில் இருப்பதால் அதற்கு அந்தப் பிடிப்புக் கிடைப்பதில்லை. நாக்கும் கன்னத் தசைகளும்தான் அதை நிறுத்த வேண்டும். பழகும் காலத்தின் பெரும்பகுதி கீழ் செட்டுக்கே போகும் என்பதால், அது ஆடுவதைக் கண்டு முதல் வாரத்திலேயே மனம் தளர வேண்டாம்.

படி 1: மாட்டுவதும் கழற்றுவதும்

செட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, கண்ணாடி முன் நின்று மாட்டுங்கள். மேல் செட்டை உள்ளே வைத்து, கட்டைவிரலால் அண்ணப் பகுதியை மேல்நோக்கி அழுத்த வேண்டும். கீழ் செட்டை இரு ஆள்காட்டி விரல்களாலும் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். வாயில் போட்டுக்கொண்டு கடித்து உட்கார வைக்கும் பழக்கம் செட்டையும் கெடுக்கும், ஈறையும் புண்ணாக்கும். மேல் செட் கழலவில்லை என்றால், உதடுகளை மூடிக் கன்னத்தை உப்பினாலோ, கடைவாய்ப் பக்கம் விளிம்பை விரலால் கீழ்நோக்கித் தள்ளினாலோ பிடிப்பு விடும்.

பற்களைப் பிடுங்கிய அன்றே செட் மாட்டப்பட்டிருந்தால், மருத்துவர் சொல்லும் வரை, பெரும்பாலும் முதல் 24 மணி நேரம், அதைக் கழற்றக் கூடாது. வீக்கம் வந்துவிட்டால் மீண்டும் மாட்ட முடியாமல் போகும்.

படி 2: முதல் சில நாட்கள்

வாயில் நுழைந்திருப்பது உணவு என்றே உடல் எண்ணுவதால் உமிழ்நீர் பெருகும். துப்பாமல் விழுங்கிக்கொண்டே இருந்தால் சில நாட்களில் அது தானாகக் குறையும். மேல் செட்டின் பின் விளிம்பு தொண்டைப் பக்கம் படுவதால் குமட்டல் வந்தால், நிமிர்ந்து உட்கார்ந்து மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். தொடக்கத்தில் சிறிது நேரம் மட்டும் அணிந்து, நாளுக்கு நாள் நேரத்தை நீட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் விளிம்பைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கலாம். அது மருத்துவரின் வேலை.

படி 3: சாப்பாடு

இயற்கைப் பற்களோடு ஒப்பிட்டால் முழுப் பல்செட்டின் கடிக்கும் வலு ஏறத்தாழக் கால் பங்குதான். அதனால் குழைந்த பருப்புச் சோறு, இட்லி, இடியாப்பம், ரவைக் கிச்சடி, அவித்த முட்டை ஆகியவற்றில் தொடங்கி, இரண்டு மூன்று வாரம் கழித்துக் குருமாவில் ஊறிய சப்பாத்தி, வெந்த காய்கறி, மீன் என்று மெதுவாக முன்னேறுவதே நல்லது.

எதை உண்பது என்பதைவிட எப்படி மெல்லுவது என்பதே முக்கியம். முன்பற்களால் கடித்து இழுத்தால் மேல் செட்டின் பின்பகுதி தூக்கிக்கொண்டு பிடிப்பு விட்டுவிடும். ஆகவே கொய்யாவோ ஆப்பிளோ எதுவானாலும் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். வழக்கமாக ஒரு பக்கமாகவே மென்றவர்களுக்கு அடுத்த விதி கடினமாகத் தோன்றும்: ஒரு கவளத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை இடக் கடைவாயிலும் பாதியை வலக் கடைவாயிலும் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மெல்ல வேண்டும். தராசைப் போல, ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறினால் மறுபக்கம் எழும்பிவிடும்.

அண்ணம் மூடப்பட்டிருப்பதால் சூடு தெரிவதில்லை. கையால் பிசைந்து உண்ணும் சோற்றின் சூட்டை விரல் முன்கூட்டியே சொல்லிவிடும். காபிக்கும் ரசத்துக்கும் அந்தக் காவல் இல்லை என்பதால், தொண்டை வெந்த பிறகே தெரியவரும். ஆற்றிக் குடியுங்கள். சுவையும் சில வாரங்களுக்கு மங்கியதுபோல் இருக்கும். சுவை உணரும் மொட்டுகளில் பெரும்பாலானவை நாக்கில்தான் இருக்கின்றன என்பதால் அது மெல்லத் திரும்பும். அதற்குள் உப்பைக் கூட்டிப் போடச் சொல்ல வேண்டாம், குறிப்பாக இரத்த அழுத்தம் உள்ளவர்கள்.

அல்வா, கமர்கட் போன்று ஒட்டுபவை செட்டை இழுத்துவிடும். எள்ளும் கொய்யா விதையும் அடியில் புகுந்துகொண்டு வலி தரும். வெற்றிலை பாக்கைப் பொறுத்தவரை, கறையும் விரிசலும் மட்டுமல்ல, வாய்ப் புற்றுநோய் அபாயமும் இருப்பதால், விட்டுவிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான தருணம் வாய்க்காது.

படி 4: பேச்சு

தகரத்துக்கும் நகரத்துக்கும் நாக்கு மேற்பற்களின் பின்புறத்தைத் தொட வேண்டும். டகர, ளகர, ழகரங்களுக்கு அண்ணத்தை நோக்கி வளைய வேண்டும். அந்த இடங்களில் இப்போது செட்டின் தடிமன் இருப்பதால் நாக்கு தன் அளவைப் புதிதாகக் கற்கிறது. நாளிதழில் ஒரு பத்தியைத் தினமும் உரக்க, நிதானமாகப் படியுங்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்’ என்று அவர்களோடு போட்டி போடலாம். பேசும்போது பற்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை சில வாரங்களுக்குப் பிறகும் நீடித்தால், செட்டின் உயரம் அதிகமாக இருக்கக்கூடும், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 5: புண் வந்தால்

செட் அழுத்தும் இடத்தில் புண் வருவது தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்வதே. செட்டைக் கழற்றி வைத்து, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு வாய் கொப்பளிக்கலாம். ஆனால் மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய நாளும் அன்றும் சில மணி நேரமாவது செட்டை அணிந்திருங்கள். எந்த இடம் அழுத்துகிறது என்பது ஈறில் சிவந்து தெரிந்தால்தான் அவர் சரியான இடத்தில் தேய்க்க முடியும். உப்புத்தாளாலோ அரத்தாலோ வீட்டிலேயே தேய்ப்பவர்கள், ஒரு இடத்து வலியை நீக்கப் போய் செட் முழுவதன் பிடிப்பையும் இழக்கிறார்கள். சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் முக்கியமாக, அலட்சியம் செய்யக் கூடாது.

படி 6: இரவும் சுத்தமும்

இரவில் கழற்றி வைப்பது கட்டாயம் என்றே சொல்வேன். ஈறுக்கு ஓய்வு கிடைக்காவிட்டால் செட்டின் அடியில் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டு அண்ணம் சிவந்துபோகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு இன்னும் அதிகம். செட்டை மூடியுள்ள டப்பாவில், அது மூழ்கும் அளவு சாதாரணத் தண்ணீரில் வையுங்கள். தம்ளரில் வைத்தால் காலையில் யாராவது கொட்டிவிடுவார்கள். பந்தியில் காகிதத்தில் சுற்றி இலையோரம் வைத்தால் இலையோடு போய்விடும்.

மென்மையான பிரஷும் சோப்புத் தண்ணீரும் சுத்தம் செய்யப் போதும். பற்பசை கீறலை உண்டாக்கும். வெந்நீர் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். கைதவறி விழுந்தாலும் உடையாதிருக்க, தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தின் மேல் பிடித்துக்கொண்டு கழுவுங்கள். ஈறுகளையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பசையும் பழுதும்

செட் நழுவினால் உடனே ஒட்டும் பசை வாங்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. நாக்கு கற்க வேண்டியதை அது தள்ளிப்போடுகிறது, பொருந்தாத செட்டையும் மறைத்துவிடுகிறது. மருத்துவர் பரிந்துரைத்தால் சிறிதளவே தடவுங்கள். துத்தநாகம் கலந்த பசையை நீண்ட காலம் அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் உடலில் தாமிரம் குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம். பற்களைப் பிடுங்கிய முதல் சில மாதங்களில் தாடை எலும்பு வேகமாகக் கரைவதால் நன்றாக நின்ற செட்டும் தளரும். அப்போது தேவைப்படுவது பசையல்ல, உட்புறத்தில் புதிய அடுக்குச் சேர்க்கும் ரீலைனிங். உடைந்துவிட்டால் வீட்டில் ஒட்ட முயலாமல், சிறு சில்லையும் விடாமல் எல்லாத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். துண்டுகள் சரியாகப் பொருந்தினால் பல சமயம் புதிய செட் செய்யாமலே பழுது பார்த்துவிடலாம்.