காக்ளியர் இம்ப்ளான்ட் கேட்பை நாய்ஸ் வோகோடரில் உருவாக்கிச் சோதிப்பது எப்படி

காது கேளாதவர்களின் உட்காதில் பொருத்தி, ஒலியை மின்துடிப்பாக நரம்புக்கு அனுப்பும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்டில் 12, 16 அல்லது 22 மின்முனைகள் இருக்கும். ஆனால் பக்கத்து மின்முனைகளின் மின்னோட்டம் ஒன்றோடொன்று கலப்பதால் பலருக்கு உருப்படியாகக் கிடைப்பது 8 சானல் அளவே. இந்தக் குறையை மட்டும் தனியே பிரித்து, நன்றாகக் காது கேட்பவர்களிடம் சோதிக்க உதவுவதுதான் நாய்ஸ் வோகோடர்: பேச்சைச் சில அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கத்தையும் இரைச்சலில் ஏற்றித் தரும் முறை. அமைதியான அறையில் பேச்சு புரிய 4 பட்டைகளே பெரும்பாலும் போதும் என்று 1995இல் ராபர்ட் ஷானன் குழு இதை வைத்துத்தான் காட்டியது.

முதலில் தேவை, பேச்சைப் பதிந்த மோனோ (ஒற்றைத் தட) வேவ் ஃபைல், மாதிரி வீதம் 44,100 ஹெர்ட்ஸ். 8 பட்டைகளின் எல்லைகள்: 200, 359, 591, 931, 1426, 2149, 3205, 4748, 7000 ஹெர்ட்ஸ். சம இடைவெளியில் வெட்டாதீர்கள். காக்ளியாவில் (உட்காதின் நத்தைக்கூடு போன்ற பகுதி) அதிர்வெண்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை ஒட்டியே இந்தக் கணக்கு.

ஒவ்வொரு பட்டையையும் பட்டர்வொர்த் என்னும் வகை ஃபில்டரால் பிரியுங்கள். பைத்தானில் செய்தால் ஃபில்டரை எஸ்ஓஎஸ் வடிவத்தில் (சிறு இரண்டாம் படி ஃபில்டர்களின் தொடராக) வாங்குங்கள். இல்லாவிட்டால் கீழ்ப் பட்டைகளில் எண்கள் வெடித்து வெறும் இரைச்சல் வரும். முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஓட்டினால் பட்டைகளுக்கிடையே தாமதம் வராது. பிறகு எதிர்மறைப் பாதியை பூஜ்ஜியமாக்கி, 160 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மட்டும் விடும் லோபாஸ் ஃபில்டரில் விட்டால் ஒலியின் ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சும். ஆண்குரலின் சுருதி இதிலும் நுழைந்துவிடும். அது வேண்டாமென்றால் 50 ஹெர்ட்ஸ் வையுங்கள்.

அந்த ஏற்ற இறக்கத்தை வெள்ளை இரைச்சலோடு (எல்லா அதிர்வெண்களும் சமமாக உள்ள இரைச்சல்) பெருக்கி, அதே பட்டை ஃபில்டரில் மறுபடி விடுங்கள். பலர் மறப்பது இந்த இரண்டாவது ஃபில்டரைத்தான்; மறந்தால் எட்டுப் பட்டையும் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து, ஒற்றைச் சானல் போலாகிவிடும். ஒவ்வொரு பட்டையின் ஆர்எம்எஸ் அளவை (சராசரி ஒலி வலிமை) மூலத்தோடு சமன் செய்து, எட்டையும் கூட்டி, உச்சம் 1ஐத் தாண்டாமல் குறையுங்கள்.

ஒலியின் கால அளவு இதில் சிதையாமல் தப்பிவிடும் என்பதால் 'படம்', 'பாடம்' இரண்டும் எளிதில் பிரிந்து கேட்கும். அலைமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்னும் விவரம்) மழுங்குவதால் 'வலி', 'வளி', 'வழி'தான் கடினமான சோதனை. ழகரத்தையும் ளகரமாகவே பேசுபவரைப் பதிவு செய்தால் உழைப்பு வீண்.

ஒவ்வொரு சொல்லையும் 5 முறை பதிவு செய்யுங்கள். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டால், 'வளி'க்கு முன்னால் வரும் மூச்சுச் சத்தத்தை வைத்தே பதில் சொல்லிவிடுவார்கள். மூல ஒலியை முதலில் கேட்கவிடவே கூடாது. ஒருமுறை தெரிந்த வாக்கியம் அப்புறம் தெளிவாகவே கேட்கும். மூன்று சொற்களையும் வரிசை கலைத்து மொத்தம் 30 முறை போட்டு, எந்தச் சொல் என்று கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே 10 சரியாக வரும்.