சார்ஜர் நல்லதா கெட்டதா: டெஸ்டரை நம்பாமல் பார்ப்பது எப்படி

கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்றில் எந்த உலோகமும் தப்பாது. சார்ஜரில் சுவர் சாக்கெட்டில் செருகும் உலோக பின் பச்சை பூத்திருந்தாலோ, கறுத்திருந்தாலோ, சாக்கெட்டில் லொடலொடவென்று ஆடினாலோ அந்த இடம் சூடேறும். மூடியில் விரிசல், கருகிய வாடை இருந்தாலும் அதோடு சரி, மேற்கொண்டு சோதிக்க வேண்டாம். வேறு யாரும் எடுத்து மாட்டாதபடி பின்னை உடைத்து மின்கழிவில் போடுங்கள்.

அடுத்து, சார்ஜர் மேல் பொடி எழுத்தில் 'ஆர்' என்று தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போடுங்கள். அங்கே வரும் பிராண்டும் கையில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சார்ஜர் வேண்டாம்.

இனிதான் எல்லோரும் குழம்பும் இடம். சார்ஜ் போட்டபடி போனின் உலோக ஓரத்தைத் தடவினால் விறுவிறுக்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். நல்ல சார்ஜரிலும் இப்படி வரும்! 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே, மின் இரைச்சலைக் குறைக்க ஒய் வகை கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது தேக்கிவைக்கும் பாகம்) ஒன்று இருக்கும். அதன் வழியாகக் கசியும் துளி மின்சாரமே டெஸ்டருக்குப் போதும். மட்டமான சார்ஜர்களில் அந்த இடத்தில் சாதாரண கெப்பாசிட்டரை வைத்துவிடுகிறார்கள். அது ஷார்ட் ஆனால் வீட்டு மின்சாரம் நேராகக் கேபிளுக்கு வந்துவிடும். வருவது துளிக் கசிவா, இந்த ஷார்ட்டா என்று டெஸ்டரால் பிரித்துச் சொல்ல முடியாது. விலை குறைந்த டிஜிட்டல் மல்டிமீட்டரே மேல்.

சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். மாட்டிய நிலையில் இந்தச் சோதனை கூடவே கூடாது. மீட்டரை மின்தடை அளக்கும் ஓம் பகுதியில் 2000கே-யில் வையுங்கள். ஒரு முனை பின்னில், இன்னொன்று யூஎஸ்பி துளையின் உலோக விளிம்பில். '1' அல்லது 'ஓஎல்' என்று நின்றால் சரி, வேறு எண் வந்தால் அந்தச் சார்ஜரைக் கழித்துவிடுங்கள். இரண்டு பின்னிலும் பாருங்கள். மீட்டரின் சின்ன பேட்டரியால் 230 வோல்ட்டின் அழுத்தத்தைச் சோதிக்க முடியாது. அதனால் பதிவு எண்ணில் தோற்றது இதில் தேறினாலும் வேண்டாம்.

பிற்சேர்க்கை: முத்தியால்பேட்டை வாசகர் ஒருவருக்கு எல்லாச் சார்ஜருக்கும் ஏதோ ஓர் எண் வந்ததாம். இரண்டு முனையின் உலோகத்தையும் விரலால் பிடித்திருக்கிறார், மீட்டர் காட்டியது உடம்பின் மின்தடையை. பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடியுங்கள், வியர்த்த கை என்றால் துடைத்துக்கொள்ளுங்கள்.

"மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இதெல்லாம்?" என்றும் கேட்கிறார்கள். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி அவசியம் வேண்டும், உயிரைக் காக்கும். ஆனால் அது பார்ப்பது தரைக்குக் கசியும் மின்சாரத்தை மட்டும்தான். பின் லூசாகி சாக்கெட் உருகினால் அது டிரிப் ஆகாது.