நீச்சலில் அச்சமுள்ளவர்களுக்கு ஸ்நோர்கெலிங்: வீட்டுப் பேசினிலிருந்து பெர்ஹெந்தியான் கடல் வரை

பினாங்கில் வளர்ந்த எனக்குக் கடல் அன்றாடக் காட்சி. மாலையில் கர்னி டிரைவில் காற்று வாங்குவோம். பத்து ஃபெரிங்கியில் கால் நனைப்போம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அம்மா கரையிலிருந்து குரல் கொடுப்பார். அப்படி வளர்ந்த நான் முதன்முறை ஸ்நோர்கெலிங்குக்காக, அதாவது கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கும் மூச்சு விடும் குழாயும் அணிந்து மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பதற்காக, பெர்ஹெந்தியான் தீவுக்குப் போனபோது, படகிலிருந்து குதிக்கச் சொன்னார்கள், குதித்துவிட்டேன். ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனதும் படகின் ஏணியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த அரை மணி நேரமும் அதை விடவில்லை. பவளப்பாறையில் ஒரு துண்டைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன். அந்தப் படகில் இருந்த எவரும் குழாய் வழியாக எப்படி மூச்சு விடுவது என்று எனக்குச் சொல்லித்தரவில்லை. அடுத்த ஆண்டு ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டு மீண்டும் போனேன். நான் பழகிய அதே வரிசையில்தான் இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்நோர்கெலிங்குக்கு வேகமாக நீந்தத் தெரிய வேண்டியதில்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி நிதானமாக மூச்சு விடவும், களைத்தால் மல்லாந்து மிதக்கவும், குப்புறக் கிடந்த நிலையிலிருந்து எழுந்து நிற்கவும் தெரிய வேண்டும். இந்த மூன்றும் கைவரும்வரை ஆழமான இடத்துக்குப் போகாதீர்கள். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்கள் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

முதல் படி: போகும் மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

நம் குடும்பங்கள் பெரும்பாலும் தீபாவளி விடுமுறையையோ தைப்பூச விடுமுறையையோ ஒட்டித்தான் பயணம் திட்டமிடுகின்றன. கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் ஆகியவற்றுக்கு அந்த இரு சமயங்களுமே ஏற்றவை அல்ல. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி ஆண்டின் முதல் மாதங்கள்வரை நீடிப்பதால் கடல் கொந்தளிக்கும், தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை மூடப்படும். 2026இல் தீபாவளி நவம்பர் 8ஆம் தேதி வருகிறது. அந்த வாரத்தை நம்பி கிழக்குக் கரைக்குத் திட்டமிட வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே அச்சமுள்ளவர்களுக்கு உகந்தவை. பினாங்கிலிருந்து கிரிக், ஜெலி வழியாகச் செல்லும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் குவாலா பெசுட் படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து விரைவுப் படகில் பெர்ஹெந்தியானை அடையலாம். ஆண்டின் முதல் மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால், மேற்குக் கரையில் லங்காவிக்குத் தெற்கே உள்ள புலாவ் பாயார் கடல் பூங்காவைப் பாருங்கள். அங்கே இரவு தங்க அனுமதி இல்லை. காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும்.

பினாங்குக் கரையிலேயே பழகிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பதுண்டு. இங்கே தண்ணீர் கலங்கலாக இருப்பதால் ஒன்றும் தெரியாது. அத்துடன் பெட்டி ஜெல்லிமீன்களும் இந்தக் கடலில் உண்டு. ஆகவே பயிற்சிக்கு நீச்சல் குளமே சரி.

இரண்டாம் படி: முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க்

வாடகைக்குக் கிடைக்கும் மாஸ்க் உங்கள் முகத்துக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. அச்சமுள்ளவருக்குக் கண்ணருகே கசியும் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடப் பதற்றத்தைக் கிளப்பிவிடும் என்பதால், மாஸ்க்கையும் குழாயையும் மட்டுமாவது சொந்தமாக வாங்குங்கள் என்பது என் கருத்து. கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பட்டையைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் இலேசாக மூச்சை இழுத்து நிறுத்துங்கள். கையை எடுத்த பிறகும் அது விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பொருந்துகிறது என்று பொருள். மீசை உள்ள ஆண்கள், மூக்கை ஒட்டிய மேல் விளிம்பை ஒரு மெல்லிய கீற்று அளவுக்கு மழித்துக்கொண்டால் கசிவு பெரிதும் குறையும். பெண்கள் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துவிட்டு, நெற்றி முடி ஓர் இழைகூட விளிம்புக்குள் சிக்காதபடி பின்னுக்கு வாரிக் கட்டிக்கொள்ள வேண்டும். கசிந்தால் பட்டையை இன்னும் இறுக்கத்தான் தோன்றும். ஆனால் அதிகமாக இறுக்கினால் ரப்பர் விளிம்பு மடங்கிக் கசிவு கூடும். பட்டை தலையின் பின்புற மேட்டில், வலிக்காத அளவுக்கு இருந்தால் போதும்.

புதிய மாஸ்க்கின் கண்ணாடி உட்புறத்தில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். அதைச் சாதாரண வெள்ளைப் பற்பசையால் விரலைக் கொண்டு தேய்த்துக் கழுவாவிட்டால் கண்ணாடி ஓயாமல் மங்கும். அதன் பிறகு, தண்ணீரில் இறங்குமுன் ஒவ்வொரு முறையும் ஒரு துளி குழந்தை ஷாம்புவைத் தடவி இலேசாக அலசிக்கொண்டால் போதுமானது.

மேல் முனையில் மிதவை அடைப்பான் உள்ள குழாய், அலை மேலே அடித்தாலும் தண்ணீரைப் பெரும்பாலும் உள்ளே விடாது என்பதால் தொடக்கநிலையாளர்களுக்கு நல்லது. ஆனால் முனை தண்ணீருக்குள் போனதும் அடைப்பான் மூடிக்கொள்ளும். அந்த நொடியில் மூச்சை இழுத்தால் காற்று வராது. இதை முன்கூட்டியே அறியாதவர்கள் கருவி பழுதாகிவிட்டது என்று கலங்கிவிடுகிறார்கள். தலையை இயல்பாக வைத்தால் முனை மேலே வந்து அடைப்பான் திறந்துகொள்ளும்.

உடை குறித்துத் தயங்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. உடல் முழுவதையும் மூடும் நீச்சலுடையை மலேசியக் கடற்கரைகளில் ஏராளமான பெண்கள் அணிகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது வெயிலிலிருந்து முதுகையும் முழங்காலின் பின்புறத்தையும் காக்கும். பருத்திச் சுடிதார் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கவும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உடைக்குள் விட்டுக்கொள்ளலாம். மற்ற நகைகளை அறையிலேயே வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: வீட்டிலேயே மூச்சுப் பயிற்சி

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். ஒரு பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, சாப்பாட்டு மேசையில் வைத்து, மாஸ்க்கும் குழாயும் அணிந்து முகத்தை அதில் வையுங்கள். முதலில் பத்து மூச்சு, மறுநாள் இருபது. நான்கு எண்ணும்வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை வெளிவிட வேண்டும்.

வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் வெளிவிட்ட காற்றில் ஒரு பகுதி குழாயிலேயே தங்கி, அடுத்த மூச்சில் மீண்டும் உள்ளே வருகிறது. பயத்தில் குறுகிய, வேகமான மூச்சு எடுப்பவருக்கு அந்தப் பழைய காற்றே திரும்பத் திரும்பக் கிடைப்பதால், மூச்சு முட்டுவது போன்ற உணர்வு வருகிறது. அந்த உணர்வு பயத்தைக் கூட்ட, பயம் மூச்சை மேலும் குறுக்குகிறது. முதல் பயணத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு நேர்ந்தது இதுதான் என்று பிற்பாடு புரிந்தது. மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால் ஒவ்வொரு மூச்சிலும் பழைய காற்றின் பங்கு குறையும், புதுக்காற்று கூடுதலாக வரும், நெஞ்சும் அடங்கும்.

குழாயில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றவும் பேசினிலேயே பழகலாம். நுரையீரலில் கொஞ்சம் காற்று எப்போதும் மிச்சம் வைத்திருந்து, "தூ" என்று ஒரே வீச்சில் பலமாக ஊதுங்கள். அடுத்த மூச்சை மெதுவாக இழுங்கள். மிஞ்சிய துளிகள் தொண்டைக்குள் போகமாட்டா.

நான்காம் படி: நீச்சல் குளம்

நீங்கள் வசிக்கும் அடுக்குமாடியிலோ உறவினர் வீட்டுக் கொண்டோமினியத்திலோ இடுப்பளவு ஆழமுள்ள குளம் இருந்தால் போதும். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். எனக்கு என் தங்கை நின்றாள். முதலில் குளத்தின் விளிம்பைப் பிடித்தபடி முகத்தை வைத்து மூச்சு விடுங்கள். பிறகு பிடியை விட்டு, கைகால்களைப் பரப்பிக் குப்புற மிதந்து பாருங்கள். நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலானோரின் உடல் தானாகவே மிதக்கும். கடலின் உப்புத் தண்ணீரில் இன்னும் எளிதாக மிதக்கும்.

அடுத்து, எழுந்து நிற்பது. பலரும் இதைக் கற்றுத்தருவதில்லை. குப்புறக் கிடக்கும்போது காலைக் கீழே ஊன்ற முயன்றால் முடியாது, முகம் மேலும் அமிழும். முழங்கால்களை மார்பை நோக்கி மடக்கி, இரு கைகளாலும் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்தித் தலையை உயர்த்தினால் உடல் நிமிரும். அதன் பிறகு கால்களை இறக்கி ஊன்றலாம். குறைந்தது இருபது முறை செய்து பாருங்கள். இதையே லைஃப் ஜாக்கெட் அணிந்தும் செய்ய வேண்டும். ஜாக்கெட் தளர்வாக இருந்தால் தண்ணீரில் காதுவரை ஏறி வந்துவிடும். ஆகையால் எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, தோளைப் பிடித்து ஒருவரை மேலே இழுக்கச் சொல்லுங்கள். நகராமல் இருந்தால் சரி.

மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்றே உயர்த்தி மூக்கால் ஊதுங்கள். தண்ணீர் கீழ் விளிம்பு வழியாக வெளியேறும். கடைசியாக, குப்புற மிதந்தபடியே ஒரு தோளைச் சாய்த்து மல்லாக்கத் திரும்பி, குழாயை எடுத்துவிட்டு வானத்தைப் பார்த்து ஓய்வெடுக்கப் பழகுங்கள்.

ஐந்தாம் படி: கடலில் முதல் இருபது நிமிடங்கள்

படகிலிருந்து இறங்கும் பயணத்தை முதல் நாள் ஏற்காதீர்கள். மணற்கரையிலிருந்து நடந்தே இறங்கக்கூடிய இடத்தில், அலை அடங்கிய காலை வேளையில், துணையோடு தொடங்குங்கள். ஃபின்ஸ் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) அணிந்தால் இடுப்பளவு ஆழம்வரை பின்னோக்கி நடக்க வேண்டும். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும்.

தண்ணீருக்குள் பார்க்கும்போது பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரியும். இது ஒளி விலகலால் வருவது. பெர்ஹெந்தியானில் கருமுனைத் துடுப்புச் சுறாவைக் காண நேர்ந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள். அது இருப்பதைவிடப் பெரிதாகத்தான் தெரியும். மனிதரைக் கண்டால் பெரும்பாலும் அதுவே விலகிவிடும். நான் அதைவிட அஞ்சுவது டைட்டன் டிரிகர் மீனுக்குத்தான். முட்டையிட்ட காலத்தில் அது கூட்டுக்கு மேலே கூம்பு வடிவில் உள்ள பகுதி முழுவதையும் காவல் காத்து, உள்ளே வருபவரைக் கடிக்கும். துரத்தினால் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

ஜெல்லிமீன் கொட்டினால் உடனே கரையேறி, கொட்டிய இடத்தைத் தேய்க்காமல், நன்னீரால் கழுவாமல், வினிகரைக் குறைந்தது முப்பது விநாடி ஊற்றுங்கள். மூச்சுத்திணறலோ கடும் வலியோ இருந்தால் 999ஐ அழையுங்கள். நான் எப்போதும் ஒரு சிறு வினிகர் பாட்டிலைப் பையில் வைத்திருக்கிறேன்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள். அது உயிருள்ளது, 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது தியோமான், ரெடாங், பாயார் பகுதிகளில் சில இடங்களை அரசு மூட வேண்டியிருந்தது. கால் வலித்தால் மல்லாந்து படுத்து ஓய்வெடுங்கள். மீனுக்கு ரொட்டி போட வேண்டாம்.

நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைக்காமல், மல்லாந்து மிதந்தபடி ஒரு கையை உயர்த்தி அசைத்து, "தோலோங்" என்று உரக்கக் கூவுங்கள். "உதவி" என்று பொருள்படும் மலாய்ச் சொல் அது, தீவுப் படகோட்டிகள் அனைவருக்கும் புரியும். படகிலிருந்து இறங்கும் நாள் வரும்போது குதிக்காமல் ஏணி வழியாக இறங்குங்கள். படகோட்டியிடம் மிதவை வளையத்தையும் கயிற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

முதல் நாள் இருபது நிமிடங்களில், இன்னும் தெம்பு இருக்கும்போதே கரையேறிவிடுங்கள். மறுநாள் காலை அதே இடத்தில் இறங்குங்கள். நான் இரண்டாம் நாள் இறங்கியபோது, முந்தைய நாள் பார்த்த அதே கடல் சாமந்தியில் அதே கோமாளி மீன் இணை இருந்தது. அப்போதுதான் மூச்சை எண்ண மறந்துபோனதைக் கவனித்தேன்.