கலாத்தியர் நிருபத்தைக் கொண்டு நியாயப்பிரமாணமும் கிருபையும் பற்றி வகுப்பு நடத்துவது எப்படி

பழைய ஏற்பாடு என்றால் நியாயப்பிரமாணம் (மோசே மூலம் வந்த கட்டளைகள்), புதிய ஏற்பாடு என்றால் கிருபை (தகுதி பாராமல் தேவன் தரும் தயவு) என்று பலகையில் இரண்டு பத்தி போட்டு வேதபாட வகுப்பை முடித்துவிடுவது மிகவும் எளிது. நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, பின்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர், "பத்துக் கட்டளையை முதல்லருந்து வாசிங்க தம்பி" என்றார். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் முதல் கட்டளைக்கும் முன்பாக, "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்ற வசனம் நிற்கிறது. "விடுதலை குடுத்துட்டுத்தானே கட்டளை குடுத்தாரு, அப்போ கிருபை எங்க ஆரம்பிச்சுது?" என்று அவர் கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பலகையின் இரண்டு பத்திகளை அன்றோடு கைவிட்டேன்.

இந்தப் பொருளை நான்கு மாலைகளில், அப்போஸ்தலனாகிய பவுல் கலாத்தியா சபைகளுக்கு எழுதிய கலாத்தியர் நிருபத்தை மட்டும் அடிப்படையாக வைத்து நடத்துவதற்கான முறையை இங்கே எழுதுகிறேன். ரோமர் நிருபம் இதையே இன்னும் விரிவாகப் பேசுகிறது என்பது உண்மைதான். ஆனால் அதன் 16 அதிகாரங்களை எடுத்துக்கொண்டால் வகுப்பு பாதியில் களைத்துவிடும். கலாத்தியரில் ஆறே அதிகாரங்கள் உள்ளன, அவை கோபத்தோடு எழுதப்பட்டவை. வழக்கமாகத் தம் நிருபங்களின் தொடக்கத்தில் சபைக்காக நன்றி செலுத்தும் பவுல், இதில் அதை விட்டுவிட்டு, ஆறாம் வசனத்திலேயே "ஆச்சரியப்படுகிறேன்" என்று கண்டிக்கத் தொடங்குகிறார். ஆகவே வகுப்புக்கு முன் நீங்கள் ஒருமுறை, ஒரே மூச்சில், சத்தமாக முழு நிருபத்தையும் வாசியுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. எந்த விளக்கவுரையையும் அதற்கு முன் திறக்காதிருப்பது நல்லது.

முதல் மாலையைச் சொற்களுக்கு ஒதுக்குங்கள். தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்தப் பொருள் குழம்புவதில் பாதிப் பங்கு மொழிபெயர்ப்புச் சொற்களுடையது என்பது என் எண்ணம். முதலாம் சங்கீதத்தில் பாக்கியவானாகிய மனுஷன் "கர்த்தருடைய வேதத்தில் பிரியமாயிருந்து" அதையே தியானிக்கிறான். பத்தொன்பதாம் சங்கீதத்தில் "கர்த்தருடைய வேதம் குறைவற்றது". கலாத்தியரிலோ நியாயப்பிரமாணம் சாபத்தைக் கொண்டுவருகிறது. வேதம் நல்லது, நியாயப்பிரமாணம் கெட்டது என்றே வாசகர் புரிந்துகொள்கிறார். ஆனால் சங்கீதங்களில் "வேதம்" என்று வருகிற இடத்தில் எபிரேயத்தில் உள்ள சொல் "தோரா". அதைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு "நோமோஸ்" என்று சொன்னது. பவுல் எழுதியதும் அதே "நோமோஸ்" தான். இதை விளக்கிக்கொண்டிருப்பதைவிடச் செய்து காட்டுவது பயன்தரும். 119-ஆம் சங்கீதத்தின் 97-ஆம் வசனத்தை ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்: "உமது வேதத்தில் நான் எவ்வளவு பிரியமாயிருக்கிறேன்! நாள்முழுதும் அது என் தியானம்." பிறகு "வேதத்தில்" என்பதற்குப் பதிலாக "நியாயப்பிரமாணத்தில்" என்று வைத்து மறுபடியும் வாசிக்கச் சொல்லுங்கள். அறையில் ஒரு சிறு மௌனம் உண்டாகும். பவுல் எதிர்த்துப் பேசுவது தாம் வெறுத்த ஒன்றையல்ல, இவ்வளவு நேசிக்கப்பட்ட ஒன்றைக் குறித்தே பேசுகிறார் என்பது அப்போது புலப்படும். தோரா என்பதற்குச் சட்டம் என்பதைவிடப் போதனை, வழிகாட்டல் என்ற பொருளே முதன்மையானது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

"கிருபை"யும் சற்றுத் தடுமாற வைக்கும் சொல்தான். நம் காதில் அது இரக்கம், பரிதாபம் என்ற பக்கமாகவே விழுகிறது. கிரேக்கத்தின் "காரிஸ்" என்பதில் தயவும் உண்டு, கொடையும் உண்டு, அந்தக் கொடைக்குப் பெற்றவர் காட்டும் நன்றியும் உண்டு. அன்றைய ரோம உலகில் கொடை என்பது தகுதி பார்த்துக் கொடுக்கப்பட்டது. வாங்கியவருக்குக் கடப்பாடும் வந்தது. பவுல் சொல்லும் கொடை தகுதி பாராதது. ஆனால் வாங்கியவரை அது சும்மா விடுவதுமில்லை. கத்தோலிக்க நண்பர்கள் வகுப்பில் இருந்தால், அவர்கள் கையிலுள்ள பொது மொழிபெயர்ப்பில் "திருச்சட்டம்", "அருள்", "ஏற்புடையவர்" என்று வருவதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். "நீதிமானாக்கப்படுதல்" என்பதை ஒழுக்கமுள்ளவனாக மாறுவது என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, "ஏற்புடையவர் ஆதல்" என்ற சொல் வேறொரு கதவைத் திறக்கும்.

இரண்டாம் மாலை, சண்டை எதைப் பற்றியது என்பதைச் சொல்லுங்கள். கலாத்தியா இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் இருந்தது. நிருபம் கி.பி. 48-க்கும் 55-க்கும் இடையில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. பவுல் போனபின் வந்த சில போதகர்கள், இயேசுவை விசுவாசித்த, யூதரல்லாத புறஜாதியார், யூதருக்குரிய உடன்படிக்கை அடையாளமான விருத்தசேதனமும் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். அவர்களும் இயேசுவை விசுவாசித்தவர்களே என்பதை அழுத்திச் சொல்லுங்கள். யூதர்கள் எல்லாரும் நற்கிரியைகளை எண்ணி எண்ணிப் பரலோகத்தை விலைக்கு வாங்கப் பார்த்தவர்கள் என்ற சித்திரம் நம் பிரசங்கங்களில் இன்னும் உலவுகிறது, அது நியாயமானதல்ல. அக்காலத்து யூத எழுத்துகளை 1977-இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட புதிய ஏற்பாட்டு அறிஞர் ஈ. பி. சாண்டர்ஸ், உடன்படிக்கைக்குள் சேர்ந்தது தேவனுடைய தெரிந்துகொள்ளுதலால் என்றும், கட்டளைகளைக் கைக்கொண்டது அதில் நிலைத்திருப்பதற்கு என்றும் அவர்கள் நம்பியதைக் காட்டினார். அவருடைய முடிவுகள் அனைத்தையும் எல்லாரும் ஏற்கவில்லை. ஆயினும் பழைய கேலிச்சித்திரத்தை அதன்பின் யாரும் கவலையின்றி வரைய முடியவில்லை.

இந்த மாலையின் மையம் 2-ஆம் அதிகாரத்தின் 11 முதல் 14 வரையுள்ள வசனங்கள். நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். மற்ற யூத விசுவாசிகளும், பவுலின் உடன் ஊழியரான பர்னபாவும்கூட, அவரோடு விலகினார்கள். எல்லாருக்கும் முன்பாகப் பவுல் அவரைக் கண்டித்தார். நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலே ஒருவனும் நீதிமானாக்கப்படுவதில்லை என்ற 16-ஆம் வசனம், இந்தச் சாப்பாட்டு மேசைச் சண்டையின் தொடர்ச்சியாகவே வருகிறது. கிருபை என்பது தனி மனிதனின் மனச்சாட்சிக்கு ஆறுதல் தரும் கருத்து மட்டுமன்று, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது என்பதை வகுப்பு இந்த இடத்தில்தான் உணரும். தமிழ்ச் சபைக்கு இது அந்நியக் கதையும் அல்ல. சபைகளில் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது, திருவிருந்துக் கிண்ணத்தை யார் முதலில் வாங்குவது என்பதே அங்கும் பிரச்சினை. இதைச் சொன்னால் வகுப்பில் சிலர் முகம் சுளிப்பார்கள். சொல்லாமல் விட்டால் 2-ஆம் அதிகாரத்தைப் பாதி வாசித்ததாகிவிடும்.

மூன்றாம் மாலை 3, 4-ஆம் அதிகாரங்கள். பலகையில் இரண்டு கேள்விகளை எழுதுங்கள். ஒன்று, தேவனுடைய ஜனத்தோடு ஒருவர் எப்படிச் சேருகிறார்? மற்றொன்று, சேர்ந்தவர் எப்படி வாழ்கிறார்? ஒவ்வொரு பகுதியையும் வாசித்தபின், இது எந்தக் கேள்விக்கு விடை என்று கேளுங்கள். ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம் கிடைத்து 430 வருஷத்துக்குப் பின்புதான் நியாயப்பிரமாணம் வந்தது, ஆகவே அது வாக்குத்தத்தத்தைத் தள்ளிவிட முடியாது என்ற வாதம் முதல் கேள்விக்கு உரியது. 5:14-இல் வரும், பிறனிடத்தில் அன்புகூருவதில் நியாயப்பிரமாணம் முழுவதும் நிறைவேறும் என்ற வசனம் இரண்டாவது கேள்விக்கு உரியது. முரண்பாடுகள் என்று தோன்றியவற்றில் பல இந்தப் பிரிப்பிலேயே அவிழ்ந்துவிடும்.

ஆனால் அவிழாத ஒன்றையும் மறைக்காதீர்கள். சேருவது கிருபையால், அதற்குப் பின் வாழ்வது நம் முயற்சியால் என்று ஒருவர் அழகாகத் தொகுத்துச் சொல்வார். அதைச் சொல்லும் வரை காத்திருந்து, 3:3-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" கலாத்தியர் செய்த பிழை இந்தத் தொகுப்புதான். கிருபையை வாசற்படியாக மட்டும் வைத்துவிட்டு, வீட்டுக்குள் வந்தபின் வேறு சட்டத்துக்கு மாறிவிடுவதைத்தான் பவுல் புத்தியீனம் என்கிறார். இரண்டு கேள்விகளும் வேறு. இரண்டுக்கும் அடியில் உள்ள விடை ஒன்று. தீத்துவுக்கு எழுதிய நிருபம் 2-ஆம் அதிகாரத்தில், கிருபையே நமக்குப் போதிக்கிறது என்று வருவதை இத்துடன் சேர்த்து வாசிக்கலாம்.

3:24-இல் ஒரு தடைக்கல் உண்டு. நியாயப்பிரமாணம் நம்மைக் கிறிஸ்துவினிடத்தில் வழிநடத்துகிற "உபாத்தி" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. உபாத்தி என்றதும் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். மூலத்தில் உள்ள "பைடகோகோஸ்" ஆசிரியர் அல்லர். வசதியான வீட்டுப் பையனை ஆசிரியரிடம் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிற, வழியில் அவன் நடத்தையைக் கண்காணிக்கிற அடிமை. ஆட்டோவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்பவரையும், வீட்டில் கண்டிப்பான தாத்தாவையும் ஒன்றாகச் சேர்த்து நினைத்தால் ஓரளவு பொருந்தும். பையன் வளர்ந்ததும் அவர் வேலை முடிகிறது. அவர் கெட்டவர் என்பதால் முடியவில்லை, பையன் ஆளாகிவிட்டான் என்பதால் முடிகிறது. 4-ஆம் அதிகாரம் இங்கிருந்தே நேராக, காரியக்காரருக்குக் கீழிருந்த சுதந்தரவாளி புத்திரசுவிகாரம் (மகனாக ஏற்கப்படுதல்) பெற்று, "அப்பா, பிதாவே" என்று கூப்பிடுவதற்குப் போகிறது.

ஒழுக்கக் கட்டளை, சடங்குக் கட்டளை, நாட்டுச் சட்டம் என்ற மூன்று பிரிவைச் சொல்லி, இரண்டாவதும் மூன்றாவதும் மட்டுமே நீங்கின என்று யாராவது முடிக்கப் பார்க்கலாம். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் விளக்கிய பிரிவு அது. 1647-இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் அதை ஏற்கிறது. பயனுள்ள பிரிவுதான். ஆனால் கலாத்தியரில் பவுல் அப்படிப் பிரிப்பதில்லை. விருத்தசேதனம் பண்ணிக்கொள்ளுகிறவன் நியாயப்பிரமாணம் முழுவதையும் நிறைவேற்றக் கடனாளி என்கிறார். பிரிவைச் சொல்லுங்கள், அது பிற்கால விளக்கம் என்றும் சொல்லுங்கள்.

யாக்கோபு நிருபத்தைக் குறித்த கேள்வியும் இந்த மாலையிலேயே வந்துவிடும். மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்று அவர் எழுதியதைக் கண்டு சலித்த சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், 1522-இல் அதை வைக்கோல் நிருபம் என்றே சொல்லிவிட்டார். ஆனால் ஆதியாகமத்தைத் திறந்து வைத்துப் பாருங்கள். ஆபிரகாம் விசுவாசித்தது 15-ஆம் அதிகாரத்தில், ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியது 22-ஆம் அதிகாரத்தில். பவுல் முதலாவதில் நிற்கிறார். யாக்கோபு இரண்டாவதிலிருந்து முதலாவதைத் திரும்பிப் பார்க்கிறார். பிசாசுகளுக்கும் உள்ள விசுவாசத்தை யாக்கோபு கண்டிக்கிறார். "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று கலாத்தியரிலேயே எழுதிய பவுல் அதற்கு மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார்.

நான்காம் மாலைக்கு 5, 6-ஆம் அதிகாரங்கள். முதலில் சில நிமிஷம் சபை மரபுகளைச் சொல்லிவிடுங்கள்; ஏனெனில் ஒரே வசனத்தை வேறு வேறு சபையார் வேறு அழுத்தத்தோடு கேட்டு வளர்ந்திருப்பார்கள். நியாயப்பிரமாணம் எப்போதும் குற்றஞ்சாட்டுகிறது என்ற அழுத்தம் லூத்தரன் மரபுக்குரியது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகளோடு அது தமிழுக்கும் வந்தது. விசுவாசிக்கு அது வழிகாட்டியும்கூட என்பதைக் கால்வினின் மரபு முதன்மைப்படுத்துகிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1547-இல் திரெந்து சங்கத்தில், நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய லூத்தரன் விளக்கத்தை மறுத்தது. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் இரு தரப்பும் அதே பொருளைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன.

மீதி நேரத்தை நடைமுறைக் கேள்விகளுக்கு விடுங்கள். நகை போடலாமா, தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபமா என்ற இரண்டும் தவறாமல் வரும். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லாதீர்கள். அந்தியோகியா மேசையைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். ஒரு சகோதரி எளிமைக்காகத் தன் கம்மலைக் கழற்றி, அந்தப் பணத்தை ஏழை வீட்டுப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்தால், அது 6-ஆம் அதிகாரம் சொல்கிற, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும் கிறிஸ்துவின் பிரமாணம். கம்மல் போட்டவரைத் திருவிருந்துக்கு எழும்ப வேண்டாம் என்று சொன்னால், அது பேதுரு எழுந்து போன இடம். தசமபாகத்துக்கும் இதே அளவுதான்: நன்றியால் கொடுப்பவர் பத்தில் ஒன்றோடு நிற்க வேண்டியதில்லை, கொடுக்க முடியாத கூலித்தொழிலாளியின் வீட்டு நோய்க்கு அதைக் காரணம் காட்டுகிறவர், "நீதியானது நியாயப்பிரமாணத்தினாலே வருமானால், கிறிஸ்து மரித்தது வீணாயிருக்குமே" என்ற 2:21-க்குப் பதில் சொல்ல வேண்டும். கிருபைதானே, எப்படி வேண்டுமானாலும் இருக்கலாமே என்று இளைஞர் யாராவது கேட்டால், அவரைக் கொண்டே 5-ஆம் அதிகாரத்தின் 13-ஆம் வசனத்தையும், அதைத் தொடர்ந்து வரும் மாம்சத்தின் கிரியைகளின் பட்டியலையும் வாசிக்கச் செய்யுங்கள். அந்தப் பட்டியலில் விபசாரமும் வெறியும் மட்டுமல்லாமல் பகையும் விரோதமும் பிரிவினையும் இருப்பதை, வாசிக்கும் அவர் கவனிக்கிறாரோ இல்லையோ, சபைக் கமிட்டியில் இருக்கும் பெரியவர்கள் கவனிப்பார்கள்.