பழைய பாய்ப்படகின் டெக் ஃபிட்டிங்: கழற்றி மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஆயர் தாவார், சித்தியவான் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளில், செம்பனை ஆலைப் பட்டறையில் கை பழகிய சிலர் இப்போது லுமுட் பக்கம் படகு வேலைக்கும் போகிறார்கள். பம்ப்பையே பிரித்து மாட்டுகிறவருக்கு, படகின் மேல்தளமான டெக்கில் இருக்கும் நாலு போல்ட் ஒரு வேலையா என்றுதான் தோன்றும். பழைய பாய்ப்படகில் பெரிய சேதம் தொடங்குவது அந்த நாலு போல்ட்டில்தான்.

1970, 80களில் கட்டிய ஃபைபர் படகுகள் பலவற்றில் டெக் மூன்றடுக்காக இருக்கும். மேலே ஒரு ஃபைபர் தகடு, கீழே ஒன்று, நடுவே பால்சா கட்டை அல்லது பிளைவுட். எடை கூடாமல் விறைப்பு கிடைக்க இப்படிச் செய்தார்கள். கயிறு கட்டும் க்ளீட், கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்ச், ஓரக் கம்பியைத் தாங்கும் ஸ்டாஞ்சன் எல்லாவற்றின் போல்ட்டும் இந்த மரத்தைத் துளைத்துத்தான் இறங்குகிறது. துளையைச் சுற்றியுள்ள சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) காய்ந்து விட்டுப்போனால் தண்ணீர் முதலில் மரத்துக்குள் போகும். அறைக்குள் சொட்டு விழுவது கடைசியில்தான். சொட்டை நிறுத்துவதை விட மரத்தைக் காப்பாற்றுவதே இங்கே வேலை. இது மனதில் பதிந்தால் பாதித் தவறுகள் நடக்காது.

அதிகம் பார்ப்பது, ஃபிட்டிங்கைக் கழற்றாமலே சுற்றி ஒரு கோடு சிலிகான் இழுத்துவிடுவது. வீட்டுத் தகரக் கூரையில் ஆணித் தலைக்குச் சிலிகான் வைத்துப் பழகிய கை, டெக்கிலும் அதையே செய்கிறது. அந்தக் கோடு அசைவில் எங்கோ ஓர் இடத்தில் விட்டுவிடும். அது மட்டுமல்ல, சிலிகான் பட்ட இடத்தில் வேறு எந்தச் சீலன்ட்டும் பெயின்ட்டும் சரியாக ஒட்டாது. அடுத்து வேலை செய்கிறவர் அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் போகும். இதைவிட மோசம், அறைக்குள்ளிருந்து நட்டைச் சுற்றி அடைப்பது. மேலே வழி திறந்திருக்கிறது, கீழே மூடியாகிவிட்டது. தண்ணீர் மரத்திலேயே தங்கிவிடும். உரிமையாளருக்குச் சொட்டு நின்ற சந்தோஷம், உள்ளே கட்டை அழுகிக்கொண்டிருக்கும்.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே இருப்பதுதான் ஒழுகுகிறது என்று நினைப்பதும் தவறு. தண்ணீர் உள்கூரைப் பலகைக்கு மேல் ஓடி எங்கோ போய் இறங்கும். ஹோஸ் குழாயைத் தாழ்வான பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ஃபிட்டிங்காகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஓர் ஆள் டார்ச்சோடு இருக்க வேண்டும்.

கழற்றும்போது மேலே ஒருவர், கீழே ஒருவர். தனியாளாகச் செய்தால் போல்ட்டும் சேர்ந்து சுற்றி ஓட்டையைப் பெரிதாக்கும். பிடித்துக்கொண்ட நட்டுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. 3எம் 5200 என்ற கெட்டியாகப் பிடிக்கும் சீலன்ட் வைத்து ஒட்டியிருந்தால் கடப்பாரையால் நெம்பாதீர்கள், மேல்பூச்சு பெயர்ந்து ஃபிட்டிங்கோடு வந்துவிடும். மிதமாகச் சூடு காட்டி, மெல்லிய கம்பியை அடியில் கொடுத்து அறுப்பதுபோல் இழுங்கள். ஒரு முக்கிய எச்சரிக்கை: பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் செயின்பிளேட்டைக் கம்பி இறுக்கத்தோடு இருக்கும்போது தொடவே கூடாது. பாய்மரத்துக்கு மாற்றுக் கட்டு போட்ட பிறகுதான் அதில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

கழற்றிய துளைதான் இந்த வேலையின் உயிர். அவசரப்படுகிறவர்கள் துடைத்துவிட்டுப் புதுச் சீலன்ட் போட்டு மூடிவிடுகிறார்கள். வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு நடுக்கட்டையைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் பொடியாக உதிர்ந்தால் நல்ல கட்டை. கறுத்துக் குழைந்து, விரலால் அழுத்தும்போது நீர் கசிந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. பிளாஸ்டிக் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் எதுவரை பரவியிருக்கிறது என்று ஓரளவு தெரியும். கணீரென்ற சத்தம் மங்கும் இடம்தான் எல்லை.

நல்ல கட்டையாக இருந்தால், 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12 மில்லிமீட்டர் துளை போட்டு, கீழ்த் தகட்டை மட்டும் விட்டுவைத்து, அடியில் டேப் ஒட்டுங்கள். முதலில் வெறும் எபோக்சியை (ரெசினும் ஹார்ட்னரும் கலந்தால் இறுகும் பிசின்) சுற்றுச் சுவரில் பூசி மரம் குடிக்க விடுங்கள். பிறகு சிலிகாப் பொடி கலந்து கெட்டியாக்கிய எபோக்சியை நிரப்புங்கள். மறுநாள் அதன் நடுவில் 8 மில்லிமீட்டர் துளை. இனி என்றைக்காவது சீலன்ட் தோற்றாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டு எவ்வளவு விலையுயர்ந்த சீலன்ட் வாங்கினாலும் எனக்கு அது அரை வேலைதான்.

நம் ஊர் வெயிலில் எபோக்சியை அதிகமாகக் கலக்கக் கூடாது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் கெட்டியாகும் நேரம் ஏறத்தாழ பாதியாகும். மெதுவாக இறுகும் ஹார்ட்னரை வாங்கி, அகலமான தட்டில் சிறிது சிறிதாகக் கலந்து, காலையிலேயே முடித்துவிடுங்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரையில் பிற்பகல் மழை சொல்லாமல் வரும்; திறந்த துளைக்கு மேல் தார்ப்பாய் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

ஈரக் கட்டைக்குள் எபோக்சியை ஊசியால் ஏற்றினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். ஈரம் குடித்த மரத்துக்குள் எபோக்சி இறங்காது. இந்த ஈரக்காற்றில் துளையைத் திறந்து வைத்துக் காயவைப்பதும் எளிதல்ல. அழுகல் கையளவைத் தாண்டினால் மேல் தகட்டை வெட்டிக் கட்டையை மாற்றுவதே நேர்மையான வழி. அதை உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஊடுருவி நட்டு போடும் உலோக ஃபிட்டிங்குக்கு, ரப்பர் போல் ஒட்டும் பியூட்டில் டேப் போதும், பிற்காலத்தில் கழற்றவும் வசதி. சிக்காஃப்ளெக்ஸ் போன்ற பாலியூரித்தேன் சீலன்ட் வைப்பதானால் கடைசியாக ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், அது இறுகுவதைக் கெடுக்கும். பாலிசல்ஃபைடு சீலன்ட் தேக்குக்கு நல்லது, அக்ரிலிக் கண்ணாடிக்கு ஆகாது. 5200 இரு பாகங்களை நிரந்தரமாக ஒட்டுவதற்கானது. நாளை கழற்ற வேண்டிய க்ளீட்டுக்கு அது வேண்டாம்.

பழைய ஸ்டெயின்லெஸ் போல்ட்டைத் தேய்த்துத் திரும்பப் போடுவதும் ஆபத்து. தலை பளபளக்கும், ஆனால் காற்றுப் படாமல் ஈரத்தில் கிடந்த நடுப்பகுதி அரித்து மெலிந்திருக்கும். புதிதாகப் போடுங்கள். நட்டுக்கு அடியில் சின்ன வாஷர் மட்டும் வைக்காமல் அகலமான தகடு கொடுங்கள்.

மாட்டுமுன் துளையின் மேல் விளிம்பைக் கொஞ்சம் சரித்து விடுங்கள். அங்கே சீலன்ட் வளையமாக நிற்கும். பிறகு ஆலைப் பழக்கம் கெடுப்பது இறுக்குவதில். பம்ப் கேஸ்கெட்டை இறுக்குவதுபோல் இங்கே இறுக்கினால் சீலன்ட் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும், அடியில் ஒன்றும் மிஞ்சாது. மேலே இருப்பவர் போல்ட் தலையை ஸ்குரூடிரைவரால் அசையாமல் பிடித்து, “பிடிச்சிருக்கேன், சுத்து தம்பி” என்று சொன்ன பிறகுதான் கீழே இருப்பவர் நட்டைத் திருப்ப வேண்டும். தலை சுற்றினால் போல்ட்டைச் சுற்றிப் பிடித்த அடைப்பு கிழியும். பியூட்டில் வெயிலில் இளகும். அடுத்த சில நாட்கள் பிற்பகலில் வந்து கால் சுற்று, அரைச் சுற்றாக இறுக்கி, பிதுங்குவதை அறுத்தெடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நட்டுக்கு அடியில் வைத்த தகட்டின் மேல் பென்சிலால் எந்தச் சீலன்ட், எந்த மாதம், எந்த ஆண்டு என்று எழுதிவிடுங்கள். அடுத்து ஸ்பேனரோடு வருகிறவருக்குச் சூடு காட்ட வேண்டுமா, நேராகக் கழற்றலாமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.